வெள்ளோட்டம் முதல் ‘இன்றே கடைசி’ வரை

நாடகத்தைப் பற்றி எழுத ரயில்வேயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நம் சங்க நாடகங்களுக்குப் பல ஆண்டுகளாக மேடை போட்டுத் திரை இழுத்தவன் என்பது தவிர வேறு தகுதி இல்லை. அந்தத் திரையை ஒரு முறை தவறாக இழுத்ததன் விளைவே இந்தக் கட்டுரை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் மகன் வீட்டில் தங்குவதற்காக நியூ ஜெர்ஸி போயிருந்தேன். ஆற்றைக் கடந்தால் நியூயார்க். அங்கே வாரக் கடைசி நாடகங்களுக்கென்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் மூன்று பிரிவுகள்: இந்த வாரம் தொடங்குபவை, தொடங்குவதற்கு முன் முன்காட்சியாக நடப்பவை, ஞாயிற்றுக்கிழமையோடு முடிபவை. பத்து வயதுப் பேரன் அதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, நாடகம் இன்னும் தொடங்கவே இல்லை என்கிறார்கள். அதற்குள் எப்படி டிக்கெட் விற்கிறார்கள்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொன்னேன். புது ரயில் பாதை போட்டவுடன் பயணிகளை ஏற்றிவிடுவதில்லை. முதலில் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். பிறகு பாரம் ஏற்றிய வண்டி. அதன்பின் பாதுகாப்பு ஆணையர் வந்து, பாலம் பாலமாகச் சோதித்து, இத்தனை வேகத்தில் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுப்பார். அப்புறம்தான் மாலையும் மேளமும். நம் ஊர்க் கோயிலில் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன் சுவாமி இல்லாமல் ஒரு முறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். நாடகத்துக்கும் அதே வெள்ளோட்டம்தான்.

முன்காட்சி என்பது என்ன?

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஒரு புதிய நாடகம் முறையாகத் தொடங்கும் முன், சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரம் வரை காசு கொடுத்து வரும் பார்வையாளர்கள் முன் நடிக்கப்படும். ஒத்திகை மண்டபத்தில் சிரிப்பு வரும் என்று எண்ணிய இடத்தில் கூட்டம் மௌனமாக இருக்கும். எதிர்பாராத இடத்தில் சிரிப்பு வரும். ஒரு காட்சி இழுக்கும். உடை மாற்றப் போன நடிகர் திரும்பி வர நேரம் போதாது. இவை எல்லாம் கூட்டத்தின் முன்தான் தெரியும். இரவு நாடகம் நடக்கும், மறுநாள் பகலில் திருத்தம் நடக்கும். ஒரு நாளில் இனி மாற்றம் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். அதன்பின் விமர்சகர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் எழுதியது தொடக்க இரவன்றுதான் வெளிவரும்.

முன்பெல்லாம் இந்தச் சோதனையை வெளியூரில் செய்தார்கள். 1943 மார்ச்சில் நியூ ஹேவன் நகரில் ‘அவே வீ கோ’ என்ற பெயரில் ஓர் இசை நாடகம் நடந்தது. வெளியூர்க் காட்சிகளில் கண்ட குறைகளைத் திருத்தி, பெயரையும் மாற்றி, அதே மாதம் 31-ஆம் தேதி நியூயார்க்கில் ‘ஓக்லஹோமா’ என்று தொடங்கினார்கள். அமெரிக்க இசை நாடக வரலாற்றில் பெரும் வெற்றிகளில் அது ஒன்று.

வெள்ளோட்டமே விழுங்கிவிட்ட கதையும் உண்டு. ‘ஸ்பைடர்மேன்’ இசை நாடகத்தின் முதல் முன்காட்சி 2010 நவம்பர் 28-இல் நடந்தது. நடிகர்கள் கயிற்றில் பறக்க வேண்டும். இயந்திரம் நடுவில் நின்றது, ஒரு நடிகர் விழுந்து பலத்த காயமடைந்தார், கதையையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. 182 முன்காட்சிகளுக்குப் பின் 2011 ஜூன் 14-இல்தான் முறையான தொடக்கம். அந்தக் கயிறும் கப்பியும் ஆளில்லாமல் இன்னும் எத்தனை முறை ஓடியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

முடிவு எப்படி வருகிறது?

அங்கே வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். அரங்க வாடகை, சம்பளம், விளக்கு எல்லாம் சேர்ந்து வாரச் செலவு என்று ஒன்று உண்டு. வசூல் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் நாடகத்தை முடிப்பார்கள். திரைக்குப் பின்னால் உள்ள பலகையில் அறிவிப்பு ஒட்டப்படும். 1983 பிப்ரவரி 22-இல் தொடங்கிய ‘மூஸ் மர்டர்ஸ்’ என்ற நாடகம் அன்றே முடிந்தும் போனது. மறுபுறம், 1988 ஜனவரி 26-இல் தொடங்கிய ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ 35 ஆண்டுகள் ஓடி, 13,981 காட்சிகளுக்குப் பின் 2023 ஏப்ரல் 16-இல் முடிந்தது. முதலில் பிப்ரவரியிலேயே முடிப்பதாகத்தான் அறிவித்திருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டவுடன் கூட்டம் நெருக்கியடித்தது. ஆகவே எட்டு வாரம் நீட்டித்தார்கள்.

நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டனில் 2002 ஜூனில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2004 ஏப்ரல் 29-இல் நியூயார்க்கில் தொடங்கியது, 2005 புத்தாண்டு தினத்தோடு முடிந்துவிட்டது. ஊர் மாறினால் ஓட்டமும் மாறும்.

முடியப்போகிறது என்றால்தான் கூட்டம் வரும் என்பதை நானே கண்டிருக்கிறேன். நான் செங்கோட்டைப் பக்கத்துக்காரன். 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் புனலூர் முதல் செங்கோட்டை வரையுள்ள மலைப்பகுதி, அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசி நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த வண்டியில் போனேன். நிற்க இடமில்லை. குகை வரும்போது எல்லோரும் கத்துகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள். பக்கத்தில் நின்றவரிடம், “அடிக்கடி இதில் வருவீர்களா?” என்று கேட்டேன். “இருபது வருஷமாச்சு சார், பஸ்ஸுலதான் போவேன்” என்றார். நானும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ரயில் பாதைக்கு மூடும் தேதி உண்டு. அது 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பியும் வந்தது. பிராட்வே நாடகத்துக்கும் தேதி உண்டு. சினிமாவுக்குக்கூடச் சுவரொட்டியின் மேல் ‘இன்றே இப்படம் கடைசி’ என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவார்கள். நம் நாடகங்களுக்கு?

நம்மிடம் உள்ள முறைகள்

நம்மவர்களுக்கு வெள்ளோட்டம் புதிதல்ல. அதை முறையாக வகுத்து வைத்திருப்பவர்கள் இலங்கையின் மட்டக்களப்புத் தமிழர்கள். அங்கே ஊர்க் கூத்து ஒன்று மேடையேற மாதக் கணக்கில் ஆகும். கூத்தைப் பழக்கும் ஆசிரியருக்கு அண்ணாவியார் என்று பெயர். நடிப்பவர்களுக்கு முதலில் பாடம் கொடுப்பார்கள். அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். ஓரளவு ஆடப் பழகியதும் சதங்கை அணிவிப்பார்கள். பிறகு வாரந்தோறும் கிழமைக் கூத்து என்று பழக்கம் நடக்கும். அதற்குப் பின் அடுக்குப் பார்த்தல், அதாவது முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் கடைசி வரை ஆடிப் பார்ப்பது. அதன்பின்தான் அரங்கேற்றம். அதோடும் விடுவதில்லை, வீடு வீடாகச் சென்று ஆடுவார்கள். பழகும் நாட்களிலேயே ஊர் கூடி உட்கார்ந்து பார்ப்பதால், அரங்கேற்றத்துக்குள் பாட்டு ஊர்ப் பிள்ளைகளின் வாயில் வந்துவிடும். இந்தக் கூத்து முறையைக் கற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1960-களில் ‘இராவணேசன்’ முதலிய நாடகங்களைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இதற்கு நேர்மாறு. நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். வள்ளி ஓர் ஊர், முருகன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ நடக்கும். அன்றே தொடக்கம், அன்றே முடிவு. ஆனாலும் தடுமாற்றம் இல்லையே, ஏன்? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுவான பாடம். ஒவ்வொருவரும் அதை நூற்றுக்கணக்கான மேடைகளில் சொன்னவர்கள். அந்த மேடைகளே அவர்களுக்கு ஒத்திகை.

சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் 1918-இல் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களில் டி.கே. சண்முகம் 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1925-இல் அவர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கியதும் திருவனந்தபுரத்தில்தான். கேரளத்தில் வாழும் நமக்கு இது ஒரு பெருமை. அந்நாளைய கம்பெனிகள் ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வாரக் கணக்கில் தங்கும். கூட்டம் குறைந்தால் சீன்களைச் சுருட்டிப் பெட்டிகளை ரயிலேற்றி அடுத்த ஊருக்குப் போகும். ஓர் ஊரின் கடைசி இரவு அடுத்த ஊரின் முதல் இரவுக்கு வழிவிட்டது. சண்முகம் ஔவையாராக எத்தனையோ இரவுகள் வேடமிட்டுத்தான் ‘அவ்வை’ சண்முகம் ஆனார்.

சென்னை சபா நாடகங்கள் சனி, ஞாயிறுகளை நம்பி வளர்ந்தவை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற சபாக்களின் கோடை நாடக விழாவில் புது நாடகம் அரங்கேறும். பிறகு சபா சபாவாகப் போகும். அழைப்பு வரும்வரை நடக்கும், அழைப்பு நின்றால் நின்றுவிடும். எது கடைசிக் காட்சி என்று நடித்தவர்களுக்கே அன்று தெரியாது.

நம் கேரளத்து நாடகக் குழுக்கள் ஓணத்தை ஒட்டிப் புது நாடகத்தை அரங்கேற்றி, கோயில் உற்சவமும் தேவாலயப் பெருநாளும் முடியும்வரை ஊர் ஊராகப் போடுகின்றன. கதகளியில் வேடமின்றி ஆடிப் பழகுவதற்குச் சொல்லியாட்டம் என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒத்திகைக்குத் தனிப் பெயர் வைத்த ஊர்களில் கலை நின்றிருக்கிறது என்பது என் கணிப்பு.

நம் வாசலில் ஒரு தமிழ் நாடகம்

சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மூத்த தச்சர் இருக்கிறார். லத்தீன் கத்தோலிக்கர். இளமையில் சவிட்டு நாடகத்தில் சேவகன் வேடம் கட்டியவர். ஒரு நாள் வேலியருகே நின்று, “சாரே, ஞாங்கள் பாடியது உங்கட பாஷ தன்னே” என்றார். நான் நம்பவில்லை. இரண்டு வரி பாடிக் காட்டினார். உச்சரிப்பு கொஞ்சம் வளைந்திருந்தது. ஆனால் தமிழ், சந்தேகமில்லாத தமிழ்.

புதிதாக வந்த குடும்பங்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். சவிட்டு என்றால் மலையாளத்தில் மிதித்தல். போர்ச்சுகீசியர் வந்த பின், கொச்சியைச் சுற்றிய கடலோரக் கிறிஸ்தவர்களிடையே வளர்ந்த நாடகம் இது. வெல்வெட் உடையும் கிரீடமும் வாளுமாக ஐரோப்பிய அரசர்களும் வீரர்களும் வருவார்கள். புகழ்பெற்ற நாடகம் ‘காறல்மான் சரிதம்’. காறல்மான் வேறு யாருமல்லர், கி.பி. 800-இல் ரோமாபுரியில் முடிசூடிய சார்லமேன் சக்கரவர்த்திதான். அந்தச் சக்கரவர்த்தி கொச்சிக் கரையில் நின்று பாடும் மொழி தமிழ் மிகுந்தது. இதன் முன்னோடி ஆசிரியராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. மட்டக்களப்பில் கண்ட அதே ‘அண்ணாவி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் கூத்தில் வரும் கட்டியக்காரனும் இங்கே உண்டு. சபீனா ராஃபி என்ற ஆய்வாளர் 1960-களில் இதைப் பற்றி நூல் எழுதிய பிறகே வெளியுலகம் கவனித்தது. இன்று பறவூருக்கு அருகிலுள்ள கோதுருத்து இதற்குப் பேர்பெற்ற ஊர். பள்ளிக் கலோத்சவத்திலும் போட்டியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

மேடையைப் பற்றி ஓர் எஞ்சினீயரின் வார்த்தை. பலகை மேடை, கீழே வெற்றிடம். மிதிக்கும்போது மேடையே பறையாக முழங்கும். இருபது பேர் ஒரே தாளத்தில் மிதித்தால் மேடைமேல் விழும் பாரம் அவர்கள் எடையைவிடப் பல மடங்கு. 1831-இல் இங்கிலாந்தில் பிராட்டன் தொங்குபாலம், சிப்பாய்கள் அடி ஒத்து நடந்ததால் அறுந்து விழுந்தது. அதிலிருந்து பாலத்தில் அடி பிரித்து நடக்கச் சொல்லும் வழக்கம் வந்தது. சவிட்டு நாடகத்தில் அடி பிரிக்க முடியாது, ஆகவே மேடையைத்தான் உறுதியாகக் கட்ட வேண்டும். “ஒரு தடவை எல்லோரையும் ஏற்றி மிதிக்கச் சொல்லிப் பார்க்காமல் ஆசான் நாடகம் தொடங்க மாட்டார்” என்றார் தச்சர். மேடைக்கும் வெள்ளோட்டம்!

“பாடம் படிக்க எவ்வளவு நாள்?” என்று கேட்டேன். ஓர் ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் என்றார். பகலெல்லாம் வலை இழுத்து, மரம் அறுத்துவிட்டு, இரவில் களரிக்குப் போய்ப் பாடமும் அடவும் பழகியிருக்கிறார்கள். பாட்டின் பொருள் பாதி புரியாது. ஆசான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி மனத்தில் ஏற்றியிருக்கிறார்கள். “முழுவதும் பாட இன்று யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டேன். தன்னுடன் ஆடியவர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது விரலில் நிறுத்திவிட்டார். அவர்கள் குழு கடைசியாக ஆடியது எந்த ஆண்டு என்று கேட்டதற்கும் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த பெருநாளுக்கும் ஆடுவோம் என்றுதான் அன்று உடைகளை மடித்து வைத்தார்களாம்.

திரை விழுந்த கதை

இப்போது என் தவறுக்கு வருகிறேன். சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கச் சிறுவர்கள் ஔவையார் கதையை நாடகமாக நடித்தது நினைவிருக்கும். ஔவையாக வந்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு இரண்டு மாதம் மனப்பாடம் செய்தாள். முழு ஒத்திகை ஒன்று வைக்கலாம் என்று அவள் தாயார் சொன்னார். மண்டப வாடகையைக் கணக்குப் பார்த்து, வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

அன்று மேடையில், கடைசி வசனத்துக்கு முன் அவள் ஒரு மூச்சு நின்றாள். நாடகம் முடிந்தது என்று நினைத்து நான் திரையை இழுத்துவிட்டேன். கூட்டம் கைதட்டியது. திரைக்கு உள்ளே அந்தக் குழந்தை இன்னும் வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் சொல்லாமல் போனது எட்டு வரி. இரண்டு மாதத்தில் அதுதான் அவளுக்கு மிகவும் கடினமாக இருந்ததாம். அழுதுகொண்டே, “தாத்தா, இன்னொரு நாள் போடுவீங்களா?” என்று கேட்டாள். நமக்கு இன்னொரு நாள் என்பதே கிடையாதே! நம் நாடகங்கள் எல்லாம் அன்றே தொடக்கம், அன்றே முடிவு. ‘மூஸ் மர்டர்ஸ்’ கதைதான். அதுவாவது பதின்மூன்று முன்காட்சிகள் கண்டது.

தமிழ் அறியாத மீனவரும் தச்சரும் ஓர் ஆண்டு பாடம் படித்துத் தமிழை நூற்றாண்டுகள் சுமந்தார்கள். தமிழ் வீடுகளில் பிறந்த நாம் ஒரு மாலைக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்து, படம் எடுத்து, மறுநாள் மறந்துவிடுகிறோம். பிள்ளைகளின் நாவில் தமிழ் நிற்கவில்லை என்று பிறகு வருந்துகிறோம். விழா மாலை ஒன்றுதான். மொழி படிவதோ அதற்கு முந்திய பழக்க நாட்களிலும், பிந்திய மறுகாட்சிகளிலும் அல்லவா?

ஆகவே வரும் பொங்கல் நாடகத்துக்குச் செயற்குழுவிடம் மூன்று தேதிகள் கேட்டிருக்கிறேன். விழாவுக்கு இரண்டு வாரம் முன் ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம். நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் பார்வையாளர்கள், குறைகளைப் பிள்ளைகளின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். விழாவன்று அரங்கேற்றம். அதற்கு அடுத்த ஞாயிறு நிறைவுக் காட்சி, மங்களம் பாடி முடிப்பது. இரண்டு உபரி நாட்களின் மண்டப வாடகையை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். அன்று மிச்சம் பிடித்த பணம்தானே! தச்சரும் வந்து இரண்டு அடி ஆடிக் காட்டச் சம்மதித்திருக்கிறார். முழங்கால் அனுமதித்தால் மூன்று என்றார்.

கடைசி நாள் என்று தெரிந்தால் எல்லோரும் வருவீர்கள் என்று அறிவேன். வெள்ளோட்டத்துக்கும் வாருங்கள். அந்தச் சிறுமி மீண்டும் ஔவையாகிறாள். எட்டு வரிகளும் அவளுக்கு இன்னும் நினைவிருக்கின்றன, கேட்டுப் பார்த்துவிட்டேன். இந்த முறை திரைக்கயிறு என் கையில் இல்லை, அவள் தாயார் கையில்.